கலக்குறவன் முதல்ல நக்கணும்

வாந்திக்கு ஓட்ஸ்தான் சார் சரி. ரவை போட்டா கேமராவுல உப்புமா மாதிரி தெரியும். கொஞ்சம் மோர், கொஞ்சம் பீட்ரூட் சாறு, அவ்வளவுதான். எனக்கு மறைமலை நகர் கம்பெனி ஒண்ணுல குவாலிட்டி செக்கிங் வேலை. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சா நேரா பீர்க்கன்கரணை, கிருபா வீட்டு மொட்டை மாடி. எங்க பேய்ப் படம் எல்லாம் அங்க எடுத்ததுதான்.

கிருபா டைரக்டர், அவன் போன்தான் கேமரா. ஷெர்வின் ஹீரோ. ரத்தம், குடல், வாந்தி என் டிபார்ட்மென்ட். குடல்னா பரோட்டா மாவுல சிவப்புக் கலர். பாக்கறவங்களுக்கே அது மாவுன்னு தெரியும். தெரிஞ்சதாலதான் சார், உவ்வேன்னு மூஞ்சியை மூடிக்கிட்டு விரல் இடுக்குல பாத்து சிரிக்கிறாங்க. நிஜம்னு தோணிட்டா ஒருத்தன் சிரிக்க மாட்டான்.

எங்களுக்குள்ள ஒரு சட்டம். கலக்குறவன் எல்லார் முன்னாடியும் முதல்ல நக்கிக் காட்டணும், அப்புறம்தான் நடிக்கிறவன் வாயில வைப்பான். ஒரு தடவை தெரியாம பசை கலந்துட்டேன், அன்னிக்கு ஷெர்வின் போட்ட சட்டம். விளையாட்டுக்குன்னு சொன்னாங்க. நான் நம்பல.

கொஞ்ச நாளா நான் மாடி ஏறினா பேச்சு நின்னுடும். கிருபா போனைக் கவுத்து வச்சுடுவான். ஷெர்வின் மட்டும், "வாங்க வில்பிரட் அண்ணா, இன்னிக்கு என்ன மெனு?"ன்னு சிரிப்பான். என்னைக் கழட்டிவிடப் போறாங்கன்னு புரிஞ்சுபோச்சு. வயிறு எரிஞ்சுது சார். ஜனம் கத்துறது என் வாந்தியைப் பாத்து, பேரு ஷெர்வினுக்கு.

ஷெர்வினுக்கு இறால் ஆகாது. கிறிஸ்மஸ் விருந்துல தெரியாம ஒரு இறால் வடை தின்னு தொண்டை அடைச்சு, நான்தான் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இன்னொரு தடவைன்னா உயிர் தங்காதுன்னு டாக்டர் சொன்னது என்கிட்டதான்.

தாம்பரம் மார்க்கெட்ல அங்காளம்மா அக்கா சென்னாக்குன்னி விக்கும், காய வச்ச பொடி இறால். "இன்னா சார், கொயம்பு வெக்கவா?"ன்னுது. ஆமான்னேன். வறுத்து, மிக்ஸியில அடிச்சு, ஓட்ஸ்ல கலந்தேன். சட்டப்படி நான்தான் முதல்ல நக்கினேன். உப்பு கொஞ்சம் கம்மி.

"கவிச்சி அடிக்குதே அண்ணா"ன்னான் ஷெர்வின்.

"பேய் வாந்தி பின்ன மல்லிப்பூ வாசமா அடிக்கும்?"

சிரிச்சுக்கிட்டே வாய் நிறைய எடுத்தான். உதடு வீங்கிச்சு, கண்ணு பிதுங்கிச்சு, கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு உருண்டான். ஷூட்டிங் பாக்க வந்த பசங்க எல்லாம் சிரிச்சாங்க. கிருபா மட்டும் என்னமோ தோணி போனை இறக்கினான். "நடிக்கிறான்டா, கேமராவை ஓட்டு"ன்னேன். ஓட்டினான். ஷெர்வின் என்னைப் பாத்துத்தான் கையை நீட்டினான். போன தடவை தூக்கிட்டு ஓடினவன் நான்தானே. நான் அசையல. கொஞ்ச நேரத்துல அவனும் அசையல.

சாகணும்னுதான் போட்டேன். அப்படியே எழுதிக்குங்க.

புதுப் படத்துல என் பேரை முதல்ல போட்டு, சர்ப்ரைஸ்னு எனக்குத் தெரியாம மறைச்சு வச்சிருந்தாங்கன்னு சொல்றீங்க. கிருபா போன்லயும் காட்டுனீங்க. அதெல்லாம் அவன் அப்புறமா சேர்த்திருப்பான் சார். இவனுங்களை எனக்குத் தெரியாதா?

டீக்கு தேங்க்ஸ். குடிக்கிறேன், வச்சிருங்க. நீங்க முதல்ல ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க.