மியூசியத்தில் இல்லாத ஊர்

"அந்த வெள்ளைக்காரன் நம்ம ஊரு பேர எதுக்குடா கேட்டான்?"

நெய்வேலி பேருந்து நிலையத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விவசாயி, தன் மருமகனிடம் கேட்டார். மருமகன், டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் ஒரு ஜெர்மன் சுரங்க இன்ஜினியருக்குக் கார் ஓட்டுகிறவர்.

"லீவுன்னு மெட்ராஸ் மியூசியத்துக்கு இட்டுகினு போனேன் மாமா. ராஜாங்க வாளு, காசு எதையும் அவரு சரியா பாக்கல. உங்க ஊருலேர்ந்து வந்த பொருள் எதனா இருக்குதான்னே கேட்டுகினு இருந்தாரு."

"அப்ப அடுத்த மைன்ஸ் நம்ம நெலத்துலதான். அதுக்குத்தான் வேவு பாக்குறான்."

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்திச்சி. நேராவே கேட்டுட்டேன். அவரு பொறந்த ஊரையே நிலக்கரிக்காகத் தோண்டிட்டாங்களாம். அந்த ஊரு சர்ச் மணி மட்டும் அங்க ஒரு மியூசியத்துல இருக்குதாம். அத சொல்றப்ப அவரு மூஞ்சே மாறிப்போச்சி."

சேத்தியாத்தோப்பு பஸ் வந்து நின்றது. மாமா எழுந்து மெதுவாகக் கேட்டார்.

"நம்ம ஊருது எதனா இருந்திச்சா?"

"ஒண்ணும் இல்ல மாமா."

"இல்லாத வரைக்கும் நல்லதுதான். நீ அந்த ஆள ஊருப் பக்கம் மட்டும் இட்டாந்துடாத."