மக்கும் கவர் மூன்று

என் பெயர் அம்சவள்ளி. வயது 36. கணவர் பெயர் பாக்யராஜ். நெட்டப்பாக்கம் கொம்யூன், கரியமாணிக்கத்தில் குடியிருக்கிறேன். திருபுவனையில் ஒரு சட்டைக் கம்பெனியில் ஒன்பது வருடமாகப் பேக்கிங் வேலை செய்கிறேன். கம்பெனிக் கவர்களைத் திருடி, போலிச் சட்டை தைப்பவர்களுக்குக் கொடுத்ததாக என்மீது வந்த புகார் பற்றிப் போலீஸ் நிலையத்தில் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

சென்ற ஜூன் மாதம் பிளாஸ்டிக் கவருக்குப் பதிலாகப் புதுக் கவர் வந்தது. '180 நாளில் மண்ணில் மக்கும்' என்று அதில் அச்சடித்திருந்தது. தடவிப் பார்த்தால் பழைய கவர் மாதிரியே இருந்ததால், இது எப்படி மக்கும் என்று சூப்பர்வைசர் அந்தோணிசாமியிடம் கேட்டேன். அதற்கு அவர், "மக்கும்னு போட்டிருக்குல்ல, அப்புறம் இன்னாத்துக்கு மக்கு மாதிரி கேக்கற?" என்றார். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தைவிட அந்தக் கவர்தான் மண்டையைக் குடைந்தது.

அதன் பிறகு ஜூன் 9ஆம் தேதி மூன்று புதுக் கவர்களைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. அது தப்புதான். கிழிந்த கவர் குப்பையில் கிடந்தது, ஆனால் கிழிந்ததைப் புதைத்தால் சோதனை சரியாக வராது என்று எடுக்கவில்லை. அதன் பிறகு கவர்களோடு ஒரு வாழைமட்டையையும் ஒரு துணித் துண்டையும் எங்கள் எருக்குழியில் புதைத்து, மேலே செங்கல் அடையாளம் வைத்தேன். துணி என் பழைய உள்பாவாடையில் கிழித்தது, கம்பெனியுடையது அல்ல.

மழைக்காலம் முழுக்கக் குழியில் தண்ணீர் நின்றது. 180 நாளுக்கு மேல் ஒரு வாரம் கூடுதலாகவே விட்டு, அதன் பிறகு தோண்டினேன். வாழைமட்டையைக் காணவில்லை. உள்பாவாடையில் தையல் நூல் மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரு கவரை எடுத்துக் கழுவியதும் பளபளவென்று இருந்தது. 'மக்கும்' என்ற எழுத்துகூட அழியவில்லை. மற்ற இரண்டையும் அப்படியே மூடிவிட்டேன்.

மறுநாள் கழுவிய கவரை அந்தோணிசாமியின் மேசையில் வைத்தேன். குப்பையை உரமாக்குகிற மெஷின் சூட்டில் போட்டால்தான் மக்கும் என்றார். அந்த மெஷின் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "நம்ம பக்கம் ஏதும்மா அதெல்லாம்" என்றார். அப்படியானால் மண்ணில் என்று ஏன் போட்டார்கள் என்று கேட்டேன். அதன் பிறகு மதியம் என்னை வேலையிலிருந்து நிறுத்தி, புகார் கொடுத்துவிட்டார்கள்.

கவரை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒன்று உங்கள் மேசையில் இருக்கிறது, இரண்டு குழியில் இருக்கின்றன. அச்சடித்தபடி மக்கியிருந்தால் இதைக் காட்ட எனக்கு வழியே இருந்திருக்காது. என் வேலை எனக்குத் திரும்ப வேண்டும். மேலும், அந்த இரண்டையும் தோண்டி எடுத்தால், ஒன்றைத் திரும்பக் குழியிலேயே போட அனுமதிக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வருடத்தில் என்ன ஆகிறது என்று நான் பார்க்க வேண்டும்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
பா. அம்சவள்ளி