ஜெர்மனியில் மைக் இல்லை

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் கம்பெனி யூனிஃபார்மோடு இரண்டு பெண்கள். மூத்தவர் இந்தக் கோடையில் சர்ச் பாட்டுக் குழுவோடு ஜெர்மனிக்குப் போய் ஊர் ஊராகப் பாடிவிட்டு வந்திருக்கிறார்.

“அங்க போய்த்தான் தெரிஞ்சுச்சு, எனக்குப் பாட வராதுன்னு.”

“என்னக்கா சொல்றீங்க? பத்து வருசமா பாடறீங்களே!”

“இங்க கீபோர்டு, டிரம்ஸுன்னு ஒரே சத்தம். அங்க மைக்கு கூட இல்ல. மொதத் தடவையா என் குரலு எனக்கே கேட்டுச்சு. சுருதியே சேரல.”

“அப்புறம்?”

“அடுத்த ஊர்ல சும்மா வாய மட்டும் அசைச்சேன்.”

“யாரும் கண்டுபிடிக்கலயா?”

“பக்கத்துல நின்ன மேரி பாதியிலயே நிறுத்திட்டா. இத்தன வருசமா என் குரலப் புடிச்சுக்கிட்டுத்தான் பாடுனாளாம்.”

“அய்யோ! அதுக்கடுத்த ஊர்ல?”

“ரெண்டு பேரும் சேர்ந்தே தப்பாப் பாடுனோம்.”