முதல் எபிசோட் மட்டும்

காமெடி சீரியல்களில் முதல் எபிசோட் அவ்வளவு நன்றாக இருக்காது. தாங்கள் யார் என்பது நடிகர்களுக்கே அப்போது சரியாகப் பிடிபட்டிருக்காது. சோபா தப்பான சுவரோரம் கிடக்கும். பின்னால் மகா கருமி என்று பேர் வாங்கப்போகிறவர் அன்றைக்குத் தாராளமாக இருப்பார். ஆனாலும் உன் அப்பாவுக்கு முதல் எபிசோடுகளைத் தவிர வேறு எதுவும் பிடிக்கவில்லை. அதில்தான் ஒருவர் விடாமல் எல்லோரும் தாங்கள் யாரென்று சொல்லிக்கொள்வார்கள். 'இவ என் பொண்டாட்டி. அவன் என் மச்சான், ரெண்டு நாள்னு வந்தான், ரெண்டு வருஷமாச்சு.' ஞாபகம் கழன்றுகொண்டிருக்கும் மனிதனுக்கு அதைவிட மரியாதையான உபசரிப்பு கிடையாது.

"அம்மா ஏன் சொந்த வீட்டுல சாகல, சித்தி?" என்று கேட்டாய். சொல்கிறேன். முடிக்கும்வரை எழுந்து போகாதே.

நீ பென்டிரைவில் போட்டு அனுப்பிய பழைய சீரியல்களில் அவருக்கு உயிர் ஒன்றின்மேல்தான். லிஃப்ட் ஓடாத அடுக்குமாடியில் ஒரு குடும்பம் குடிவருமே, அது. கணவன் பீரோவை முதுகில் தூக்கிக்கொண்டு படியேறுவான். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அத்தான் தினமும் அதே இடத்தில், "கதவு சரியா மூடல, அதான் ஓடல. இதுக்குப் போயி இந்தப் பாடா" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஒருமுறை இரண்டாவது எபிசோடைப் போட்டோம். அதில் மனைவியாக வேறொரு நடிகை. கதையில் யாரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அத்தான் மட்டும் கலங்கிப்போய், "முதல்ல இருந்த அம்மா எங்க?" என்று அரைமணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அதோடு இரண்டாவதைப் போடுவதை விட்டுவிட்டோம்.

காலையில் அவர் கண் விழித்ததும் அக்கா கட்டில் பக்கத்தில் நின்று, வகுப்பில் பேர் கூப்பிடுகிற மாதிரி சொல்வாள். "நான் உங்க பொண்டாட்டி. நமக்கு ஒரே பொண்ணு, வெளியூர்ல வேலை பாக்குறா. சாயங்காலம் என் தங்கச்சி வருவா." அதற்கப்புறம்தான் அவர் காலைத் தரையில் வைப்பார்.

அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன், பிறகு நடை பழக்கும் மையம், மொத்தம் பதினொரு வாரம். நான் பல் செட் செய்யும் லேப்பில் லீவு சொல்லிவிட்டு இங்கே வந்தேன்.

முதல் நாள் காலையில் படுக்கை நனைந்திருந்தது. "நீ யாரு? என் பொண்டாட்டி எங்க?" என்றார்.

"நான் உங்க மச்சினி அத்தான். துணி மாத்திடலாம்."

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "வெளிய போம்மா. இது நல்லா இல்ல."

ஒரு மணி நேரம் ஈரத்திலேயே கிடந்தார். மறுபடி போனேன். நான் வந்துபோனதே மறந்திருந்தது. "நீ யாரு?" என்றார். "உங்க பொண்டாட்டி" என்றேன். சட்டையைக் கழற்றுவதற்காகக் குழந்தை மாதிரி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். நீ என் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

மறுநாளும் அதையே சொன்னேன். வேறு சொன்னால் மறுபடி ஈரத்தில் கிடப்பார். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், "நாம எப்படிப் பாத்துக்கிட்டோம்?" என்று கேட்டார். நான் எதையும் புனையவில்லை. என் இருபத்திரண்டாவது வயதில் லேப் இருந்த கட்டிடத்து லிஃப்டில் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டேன். அதைச் சரிபண்ண வந்த மெக்கானிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நான் பயப்படாமல் இருக்க, தன் கூட்டாளிகளின் பட்டப்பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் என்னை விசாரிக்க வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தது அக்கா. உனக்கு இது தெரியாது. அவளுக்குத் தெரியும். முதல் பாதியை மட்டும் அவரிடம் சொன்னேன். "அடேயப்பா, நாற்பது நிமிஷமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் செய்தேன் என்று நினைத்துவிடாதே.

அக்கா தினமும் போன் செய்தாள். தூங்குகிறார் என்றேன். குரலை மட்டும் கேட்டால் குழம்பிப்போவார் என்றும் சொன்னேன். பன்னிரண்டாவது வாரம் வாக்கரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம், "யாரு இந்தம்மா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்லவேண்டும் என்று காத்திருந்தாள். "டீச்சர். நம்ம வீட்டுல ஒரு ரூமுக்குக் குடிவந்திருக்காங்க" என்றேன்.

அவள் சும்மா இருந்துவிடவில்லை. மூன்று நாள் போராடினாள். ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினாள். "எனக்குப் பொண்டாட்டி இருக்காம்மா, இதெல்லாம் வேணாம்" என்று அவர் பயந்து நடுங்கினார், சாப்பிட மறுத்தார். டாக்டரிடம் கேட்டேன். இருக்கிற நிம்மதியைக் கலைக்க வேண்டாம் என்றார். இங்கே யார் யாராக இருக்கிறார்கள் என்பதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நான்காம் நாள் அக்கா உன் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். உன்னிடம் போனில் நல்லா இருக்கேன் என்றுதான் சொன்னாள். சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாய் என்று பயம். அந்தப் பயத்தை நானும் வளர்த்தேன்.

அப்புறம் கொஞ்ச நாள் மூன்று பேரும் ஒழுங்காகவே இருந்தோம். மத்தியானம் அந்த முதல் எபிசோடைப் போடுவேன். நான் அவர் பக்கத்தில், அக்கா சோபாவின் மறுகோடியில். அவர் சிரிக்கிற இடத்திலெல்லாம் அவளும் சிரிப்பாள், ஒரு நொடி பிந்தி.

ஒருநாள் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் பொண்டாட்டிக்கு இடது மணிக்கட்டுல ஒரு தழும்பு உண்டு. என் யூனிஃபார்மத் தேய்க்கும்போது சுட்டுக்கிட்டது. உனக்கு இல்லையே?" என்றார். சோபாவின் மறுகோடியில் அக்கா இருந்தாள். தன் கையை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருவேளை நானே சொல்லிவிடுவேன் என்று நினைத்திருப்பாள்.

பல் செட் செய்கிறவர்களிடம் மெழுகுக் கத்தி என்று ஒன்று இருக்கும். ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி மெழுகைச் செதுக்குவோம். மறுநாள் லேப்புக்குப் போய் என் கத்தியை எடுத்துவந்தேன். அக்காவுடைய தழும்பு ஒரு விரல் நீளம், நுனியில் லேசாக வளைந்திருக்கும். அளவு பிசகாமல் செய்வது என் தொழில். வலி தாங்கக்கூடியதுதான்.

என் இடது மணிக்கட்டில் துணிக்கட்டைப் பார்த்ததும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "எனக்குப் பசிக்கல" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அவளுக்குப் பசிக்கவே இல்லை.

அதோடு எல்லாம் அடங்கியிருக்கவேண்டும். பத்து நாள் கழித்து அத்தான் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். முகம் தொங்கியிருந்தது. கையில் பாதி பிஸ்கட்.

"நீ தப்பா எடுத்துக்கக் கூடாது. உன்கிட்ட மறைக்க மனசு வரல. அந்த டீச்சர் இருக்காங்கல்ல, அவங்க பக்கத்துல உக்காந்தா நல்லா இருக்கு. நான் கல்யாணம் ஆனவன். இது தப்பு. அவங்கள வேற எடம் பாத்துக்கச் சொல்லு."

அந்த பிஸ்கட்டை அவளுக்காக எடுத்து வைத்திருக்கிறார். காலையில் சொன்னது மதியம் நிற்காத மனிதருக்கு அது மட்டும் நின்றிருக்கிறது.

மறுநாளே முதியோர் இல்லத்தில் இடம் கேட்டேன். வண்டியில் ஏறும்போது அக்கா, "அவரே சொன்னாரா?" என்று கேட்டாள். "ஆமா, அவர் வாயாலதான் சொன்னார், நீ இங்க இருக்க வேணாம்னு" என்றேன். ஏன் சொன்னார் என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அவள் இறங்கி உள்ளே போயிருப்பாள். வாக்கர் இல்லாமலேகூடப் போயிருப்பாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே பத்தொன்பது நாள் இருந்தாள். நிமோனியா என்று எழுதிக்கொடுத்தார்கள்.

நீ அவரைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறாய், தெரியும். பையில் துணியெல்லாம் அடுக்கி வைத்திருக்கிறேன். நேற்று நீ கூடத்தில் அழுதபோது, "அந்தப் பொண்ணு ஏன் அழுவுது?" என்று என்னைக் கேட்டார். அவங்க அம்மா இறந்துட்டாங்க என்றேன்.

"அடப் பாவமே. உனக்கு வேண்டியவங்களா?"

"என் அக்கா."

என் தோளைத் தட்டிக்கொடுத்தார். "ரொம்பப் பாசமா இருந்திருப்பீங்க, இல்ல?"

"உயிரா இருந்தோம்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். என்னைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டில் அக்காவுக்காக நிஜமாக அழுதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.