‘உ’ என்ற ஊரும் ஒரு பெர்ல் நிரலும்

கணினியில் கட்டளை தட்டும்போதுகூட முதலில் பிள்ளையார் சுழி போடுகிற ஆள் நான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன்!

சங்கத் தலைவர் பிரம்மநாயகம் அண்ணாச்சி அவர்களே, மாட்டுங்கா மண்டபத்தை மணக்கச் செய்யும் மல்லிகைத் தாய்மார்களே, பசியை அடக்கிப் பண்போடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! என் பேச்சு இன்று கொஞ்சம் நீளும். பொறுத்தருள்க!

தாராவியில் விருந்துகளுக்குச் சமைப்பவள் என் மனைவி விஜயராணி. சாப்பாட்டை வண்டியில் அனுப்புபவன் நான். எங்கிருந்து, எங்கே என்று இரண்டு ஊரை வரிசையாகத் தட்டினால், ஓட்டுநர் சலாவுதீனுக்கு, பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் செய்தி அனுப்பும். பாண்டுப்பில் அண்ணாச்சி மகள் கல்யாணம்; பாயசம் எங்கள் பொறுப்பு. நான் தட்டியது: உ, தாராவி, பாண்டுப். நிரல் என்ன செய்தது? புறப்படும் ஊர் ‘உ’ என்றது! சேரும் ஊர் தாராவி என்றது! மிச்சமிருந்த பாண்டுப்பை மூச்சுவிடாமல் விழுங்கியது!

“அண்ணே, தாராவியில நின்னுக்கிட்டு தாராவிக்கு எப்பிடிப் போக?” என்றான் சலாவுதீன்.

“மெசேஜ்ல உள்ளபடி போலே, கேள்வி கேக்காத!” என்றேன் நான்.

“டீக் ஹை, சரிண்ணே” என்றவன், சயானைச் சுற்றிவந்து எங்கள் வாசலிலேயே பாயசத்தை இறக்கினான். அங்கே பாயசம் வராமலே பந்தி எழுந்தது. சிரிக்காதீர்கள்! தலைவர் இன்னும் சிரிக்கவில்லை.

“சங்க விழாச் சாப்பாட்டையும் ஒமக்கே தாரேன். அதுவும் வரலேன்னா, ஒம்ம வண்டி இனி நம்ம ஆளுக வாசல்ல நிக்காது வே” என்றார் அன்றைக்கு அண்ணாச்சி.

வந்தாள் ஜான்சி! முலுண்டில் இருந்துகொண்டு கம்பெனிக்கு நிரல் எழுதும் பெண். கெட்ஆப்ட் லாங் என்ற கருவியைச் சேர்த்துத் திருத்தி எழுதினாள். இப்போது ஒவ்வொரு ஊருக்கும் முன்னால் ஒரு பெயர்ப்பலகை: --எங்கிருந்து தாராவி, --எங்கே பாண்டுப். வரிசை மாறினாலும் வழி மாறாது! பழக்கதோஷத்தில் ‘உ’ போட்டேன். ஆகா, என்ன சொன்னது தெரியுமா? “‘உ’ எதற்கென்று தெரியவில்லை. எதையும் அனுப்பவில்லை.” கீழே, எப்படித் தட்டவேண்டும் என்று ஒரு வரி!

மெய்சிலிர்த்தேன் ஐயா! தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நிற்க இந்த மும்பையில் யார் உண்டு? வழி கேட்டால் கைகாட்டாத மனிதன் உண்டா? நான் நிற்பேனா? என்னம்மா, ‘மாட்டீரு’ என்கிறீர்களா? சரியாகச் சொன்னீர்கள்!

“மாமா, புள்ளையார மனசுல போடுங்க, கீபோர்டுல வேண்டாம். சந்தேகமா இருந்தா --சோதனைன்னு சேருங்க. என்ன செய்யும்னு சொல்லும், ஆனா செய்யாது” என்றாள் ஜான்சி.

சொல்லும், செய்யாது! தேர்தல் நேரத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் செய்யமாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்கிற நேர்மையை இங்கேதான் கண்டேன்!

அந்த நேர்மைக்கும், அதை எழுதிய விரல்களுக்கும், பசித்திருந்து கேட்ட உங்களுக்கும் நன்றி.

இன்றைய விருந்துக்குக் காலையில் கட்டளை தட்டினேன். பயத்தில் --சோதனையும் சேர்த்தேன். “தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு” என்று முதல் வரி வந்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பவன் நான். அதோடு கும்பிட்டு எழுந்துவிட்டேன். அடுத்த வரியை, நான் மேடை ஏறும்போது விஜயராணி போனில் படித்துக் காட்டினாள். “இது சோதனை. எதையும் அனுப்பவில்லை.”

சாப்பாடு தாராவியில் இருக்கிறது. வணக்கம்.