பிராதில் எழுதிய பெயர்

"பதினொன்னு இருவதுக்கு நீ வூட்டுல தான இருந்த?"

"இருந்தேன், ஆனா மொட்ட மாடில..."

"வூட்டுல இருந்தியா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"போன் வந்துது வெண்பா. மாடிலதான் டவர் கெடைக்கும்னு உனக்கே..."

"என் லேப்டாப்பு மாடிக்கு வரல பிரபா. அது ரூம்ல கெடந்துது. நீயும் அதும் மட்டுந்தான் வூட்டுல."

என் மகன் பிரபாகரனும் மருமகள் வெண்பாவும் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "நீயும் அதும் மட்டுந்தான்" என்று அவள் சொன்னதில் நான் சேர்த்தி இல்லை. வருத்தம் ஒன்றும் இல்லை. அது எனக்கு வசதியாகவே இருந்தது.

எனக்கு டைப்பிங் நன்றாக வரும். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனி ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் தட்டியிருக்கிறேன். கப்பு சாசரோ ஃபியூஸ் கட்டையோ, எது லாரி ஏறினாலும் பில் அடித்தது நான்தான். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு அந்தச் சம்பளத்தில்தான் பிரபாவைப் படிக்க வைத்தேன்.

பிரபாவும் வெண்பாவும் ஒரே சென்னை கம்பெனிக்கு இந்த வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆப் செய்யும் வேலை. திரையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று அவள் வரைவாள். அதை ஓட வைக்கும் கோடிங்கை அவன் எழுதுவான். போன ஆடியில் கம்பெனி ஏஐ வாங்கியது. வாயால் சொன்னால் அதுவே வரைந்தது, அதுவே எழுதியது.

"நம்மள விட ஒழுங்கா பண்ணுது அத்த. டீ கேக்காது, லீவு கேக்காது" என்று வெண்பா சிரித்தாள்.

பதினோரு பேர் இருந்த குழுவில் ஆறு பேர் போனார்கள். அடுத்து அந்த ஆள்குறைப்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. இரண்டு பேரில் ஒருவர் போதும் என்றார்கள். அந்த ஏஐயை வைத்துக்கொண்டு அவன் வேலையையும் சேர்த்துச் செய்ய வெண்பா கற்றிருந்தாள். அவள் வேலையைச் செய்ய அவனுக்கு வரவில்லை. அதனால் வெண்பா இருக்கட்டும், பிரபாவுக்கு மாதக் கடைசி வரை என்று முடிவானது.

"நீ இரு வெண்பா. நான் கொஞ்ச நாளு சமையலப் பாக்குறேன்" என்றான் அவன்.

"நீ வக்கிற ரசத்துக்கு வேலய விட்டுட்டு நானும் ஓடிடுவேன்" என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மகன் சமைப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. நான் அந்தக் காலத்து மாமியார் இல்லை. இடம் ஒன்று, ஆள் இரண்டு. அதில் ஒன்று நான் பெற்றது. அவ்வளவுதான் யோசித்தேன்.

வழி காட்டியதும் வெண்பாதான். என் சர்க்கரை மாத்திரையைப் பற்றிக் கேட்பதற்காக, வெளியாட்களும் பேசக்கூடிய ஒரு ஏஐயை அவள் லேப்டாப்பில் எனக்குத் திறந்து காட்டியிருந்தாள். "என்ன வேணாலும் கேளுங்கத்த. இந்த ஃபைல மட்டும் தொட்டுடாதீங்க. நோயாளிங்க லிஸ்ட்டு. இது தப்பித்தவறி வெளிய போச்சின்னா அன்னிக்கே என் சீட்டு கிழிஞ்சிடும்." எந்த ஃபைல் என்றும் காட்டினாள். ஜாக்கிரதையான பெண்.

ஒரு வியாழக்கிழமை அவள் பேங்குக்குப் போனாள். பிரபா போனை எடுத்துக்கொண்டு மாடி ஏறினான். நானும் பின்னால் ஏறிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்து என்ன என்பதுபோல் தலையை ஆட்டினான். காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். லேப்டாப்பை அவள் திறந்தபடியே விட்டுப் போயிருந்தாள்.

நாலாயிரத்துச் சொச்சம் பேர். பெயர், ஊர், வயது, நோய். சேத்தியாத்தோப்பு, கருவேப்பிலங்குறிச்சி என்று தெரிந்த ஊர்களும் கண்ணில் பட்டன. எதையும் தட்ட வேண்டியிருக்கவில்லை. மொத்தமாக எடுத்து, அந்த வெளி ஏஐயில் கொட்டினேன். பிறகு போய் அரிசி களைந்தேன்.

இரண்டு மணிக்கு அவள் லேப்டாப் தானாகப் பூட்டிக்கொண்டது. நான்கு மணிக்கு வேலை இல்லை என்று மெயில் வந்தது. ஆஸ்பத்திரிக் கணக்கை வெளியே விட்டவள் என்று பெயர் ஆனதால் வேறு கம்பெனியும் அவளைச் சேர்க்காது. வேறு ஆள் இல்லாததால் பிரபாவையே வைத்துக்கொண்டார்கள்.

தன் கைத்தவறு என்றே வெண்பா நினைத்துக்கொள்வாள் என்று இருந்தேன். ஆனால் ஃபைல் வெளியே போன நேரத்தை அவள் கம்பெனியிடம் கேட்டு வாங்கினாள். பதினொன்று இருபது. அப்போது அவள் பேங்கில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் அந்தச் சண்டை.

சண்டையின் நடுவே பிரபா அடுப்படிக்கு வந்தான். "அம்மா, நான் மாடில தான இருந்தேன்? நீ வந்து பாத்தியே. சொல்லும்மா அவகிட்ட."

"நான் வேலையா இருந்தேம்பா. கவனிக்கல."

வேறு என்ன சொல்ல முடியும்? அவன் மாடியில் இருந்தான் என்றால், கீழே இருந்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். புருஷன் பெண்டாட்டி சண்டை நாலு நாளில் தீரும். போன வேலை திரும்பாது. அவன் என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு மாடியில் இருந்ததாக அவன் வாதாடுவதை விட்டுவிட்டான்.

நாலு நாளில் தீரவில்லை. பன்னிரண்டாம் நாள் வெண்பா பெட்டி கட்டினாள். திட்டக்குடியில் அம்மா வீட்டுக்குப் போகிறாள். திரும்பி வருகிற எண்ணம் இல்லை. "போறதுக்கு மின்ன கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டிட்டுப் போறேன். செஞ்சது யாருன்னு அவருக்குத் தெரியும்" என்றாள்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் அது வழக்கம். அநியாயம் நடந்தால் செய்தவர் பெயரோடு தாளில் எழுதி, சாமியிடம் வழக்காகக் கட்டிவிடுவார்கள். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வரும் என்பது நம்பிக்கை.

"கட்டு. நானும் வரேன்" என்றான் பிரபா. மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனோம்.

"எனக்குக் கையால எழுதவே மறந்து போச்சி அத்த. நீங்க எழுதுங்க" என்று வெண்பா தாளை நீட்டினாள். வாங்கி, கோடு போட்டதுபோல் நேராக எழுதினேன். செய்தவர் பெயர் வரவேண்டிய இடத்தில் நிறுத்தினேன். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ராஜாம்பாள் மகன் பிரபாகரன்னு எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். ராஜாம்பாள் என்ற என் பெயரும் அதில் இருக்கிறது. அதனால் அந்தத் தாளில் பொய் இல்லை. வேண்டிய பெயரைச் சாமி எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். எல்லாம் பிரபாவுக்காகத்தான் செய்தேன்.

அவன் என் கையிலிருந்து தாளை வாங்கினான். கடைசி வரி வரை படித்தான். கோபமாகத் தெரியவில்லை. மடிக்காமல் அப்படியே என்னிடம் திருப்பி நீட்டினான்.

"பேரு சரியா இருக்குதாம்மா?"