டிபெண்டன்ட்டுன்னா யாரு?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும் மகனும் இருந்தார்கள். அம்மாவுக்கு அன்றுதான் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது.

"ஏலே, டிபெண்டன்ட்டுன்னா யாரு? அதுல நான் இல்லன்னு ஆஸ்பத்திரி கவுண்டர்ல அந்தப் பிள்ள சொல்லுச்சே."

"நம்மள நம்பி இருக்கவுகம்மா."

"நான் வேற யாரை நம்பி இருக்கேன்?"

மகன் குரலைத் தாழ்த்தினான். "கம்பெனி இன்சூரன்ஸ்ல நம்ம அப்பா அம்மா, இல்லன்னா மாமனார் மாமியார், ஒரு ஜோடியத்தான் சேக்க முடியும். உன் மருமக கேட்டா. அவ அப்பா அம்மா பேரக் குடுத்துட்டேன்."

"அப்ப உங்கப்பா பேரும் இல்லையா?"

"இல்லம்மா. இன்னைக்கு நான் கையிலருந்துதான் கட்டுனேன்."

அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெதுவாப் பேசு. மகன் இன்சூரன்ஸ் இருக்குன்னு உங்கப்பா தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்காவ. அதுலயே முடிஞ்சிருச்சுன்னு நான் சொல்லிக்கிடுதேன். நீ வாயத் தொறக்காத."